கடாரம் பெரிதா? ஏரி பெரிதா?

ஒரு நாட்டின் தலைவனை எதை வைத்து அளப்பது?

அவன் பிடித்த நாடுகளை வைத்தா? கட்டிய மாளிகைகளை வைத்தா? சூட்டிக்கொண்ட பட்டங்களை வைத்தா? அல்லது, அவன் மறைந்த பிறகும் குடிமக்களின் வயிற்றை நிரப்பும் ஏதாவது ஒன்றை வைத்தா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியது இல்லை. சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையின் ஓரத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், விடை இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். வானத்தை முட்டுவதுபோல் ஒரு கற்கோயில் தெரியும். சுற்றிலும் வயல்கள், தோப்புகள், சிறு சிறு வீடுகள்.

அந்த ஊரின் பெயர் கங்கைகொண்ட சோழபுரம். இன்று அது ஒரு கிராமம். ஒரு காலத்தில் அது ஒரு பேரரசின் தலைநகரம்! சுமார் 250 ஆண்டுகள் அங்கிருந்துதான் சோழ நாடு ஆளப்பட்டது.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டங்கள்தான் மாறிக்கொண்டே வந்தன. 1995-ம் ஆண்டு வரை அது திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது; ஊர் அதற்குள் வந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-ல் மறுபடியும் பிரிந்தது. ஆகவே, அந்த ஊரும் அதைக் கட்டிய மன்னனும் பெரம்பலூர்க்காரர்களுக்கும் அரியலூர்க்காரர்களுக்கும் பொதுச் சொத்து!

அந்த மன்னன்தான் ராஜேந்திர சோழன்.

அவன் பெயரைச் சொன்னதும் தமிழர்களின் நினைவுக்கு வருவது என்ன? கங்கை வரை போன படை. கடல் கடந்து கடாரத்தை வென்ற கப்பல்கள். பள்ளிக்கூடப் புத்தகம் முதல் மேடைப் பேச்சு வரை இந்த இரண்டும்தான் முழங்குகின்றன.

ஆனால் கங்கையிலிருந்து வந்த வெற்றிக்கு அவன் எழுப்பிய ஞாபகச் சின்னம் எது தெரியுமா? ஓர் ஏரி!

அந்த ஏரியை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

தந்தையின் நிழலில்

பெரிய மனிதனுக்கு மகனாகப் பிறப்பது சுலபமான காரியம் அல்ல. எதைச் செய்தாலும், "அப்பாவைப்போல வருமா?" என்று ஊர் கேட்கும். ராஜேந்திரனின் தந்தை சாதாரண மனிதனா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன்! தாய் வானவன் மாதேவி.

ராஜேந்திரனுக்கு இளமையில் வைத்த பெயர் மதுராந்தகன். ஆடி மாதத்துத் திருவாதிரை அவன் பிறந்த நட்சத்திரம் என்று கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அந்த நாளை அரசு விழாவாகக் கொண்டாடுவது என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது.

அவன் அரண்மனையில் சும்மா உட்கார்ந்து வளரவில்லை. தந்தையின் காலத்திலேயே படை நடத்திப் போனான். 1012-ம் ஆண்டு ராஜராஜன் அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ஆட்சியில் பங்கு கொடுத்தான். இரண்டு ஆண்டுகளில் தந்தை மறைந்தான். அதன் பிறகு 1044-ம் ஆண்டு வரை ராஜேந்திரனின் ஆட்சி.

ஆட்சிக்கு வந்ததும் அவன் செய்த ஒரு புத்திசாலித்தனமான காரியம் உண்டு. 1018-ம் ஆண்டிலேயே தன் மகன் ராஜாதிராஜனை ஆட்சியில் சேர்த்துக்கொண்டான். தனக்குப் பிறகு யார் என்ற சண்டைக்கே இடம் வைக்கவில்லை. வேறொரு மகனை மதுரையில் 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு அமர்த்தினான். பிள்ளைகளைச் சுகவாசிகளாக வளர்க்காமல், பொறுப்பைக் கொடுத்துப் பழக்கினான்.

வெற்றி மேல் வெற்றி

அவனுடைய போர்களை எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா.

1017-ம் ஆண்டு வாக்கில் ஈழத்தின் மேல் படையெடுத்தான். அந்த நாட்டு மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். பாண்டியர்கள் ஒரு காலத்தில் ஈழத்தில் ஒப்படைத்து வைத்திருந்த மணிமுடியும் சோழன் கைக்கு வந்தது. அந்த முடியைப் பறிக்க அவனுக்கு முன்பு பராந்தக சோழன் முயன்றான், முடியவில்லை. ராஜேந்திரன் முடித்துக் காட்டினான்!

அடுத்துக் கேரளம், பாண்டிய நாடு. 1021-ல் மேலைச் சாளுக்கியன் ஜெயசிம்மனோடு முசங்கியில் போர். அதன் பிறகுதான் கங்கைப் படையெடுப்பு.

சோழப் படை கலிங்கத்தைக் கடந்து வங்காளம் வரை போயிற்று. கோவிந்தசந்திரன், மகிபாலன் முதலிய மன்னர்கள் தோற்றார்கள். ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் இருந்து, திரும்பி வந்த படையை எதிர்கொண்டான். தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றிக் கொண்டுவந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன.

1025-ம் ஆண்டு, கடாரம்! ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். சுமத்ராவிலும் மலேயாவிலும் உள்ள பல துறைமுகங்கள் தாக்கப்பட்டன. நிக்கோபார் தீவுகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து ஒரு மன்னன் இவ்வளவு தூரம் கடற்படை அனுப்பியது அதற்கு முன்பு இல்லை.

அதே காலத்தில் உலகத்தின் மற்ற பக்கங்களில் என்ன நடந்தது? கஜினி முகமது சோமநாதபுரத்தை நோக்கிப் புறப்பட்டது கடாரப் போர் நடந்த அதே 1025-ம் ஆண்டில்தான். இங்கிலாந்தை அப்போது ஆண்டுகொண்டிருந்தவன், டென்மார்க்கிலிருந்து வந்து அதை வென்ற கானூட். படை உள்ளவன் பக்கத்து நாட்டைப் பிடிப்பது அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது.

ஆகவே, போர் செய்ததற்காக ராஜேந்திரனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. அதே சமயம், போர் என்றால் என்ன என்பதை மறைப்பதும் நியாயம் இல்லை.

மறுபக்கம்

கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் ஒரு சாளுக்கியக் கல்வெட்டு இருக்கிறது. காலம் 1007-ம் ஆண்டு. அப்போது ராஜேந்திரன் இளவரசன். சோழப் படை ஊர்களைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கூட விடவில்லை என்று அந்தக் கல்வெட்டு அழுகிறது. எழுதியவன் எதிரி. கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும், அடிபட்டவன் கூச்சலில் கொஞ்சமாவது உண்மை இருக்கும் அல்லவா?

ஈழத்து மகிந்தன் கதை என்ன ஆயிற்று? சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மன்னன் 12 ஆண்டுகள் கைதியாகவே இருந்து, 1029-ல் அந்நிய மண்ணில் உயிர் விட்டான். இலங்கையின் பழைய சரித்திரமான சூளவம்சம் இதைச் சொல்கிறது. இங்கே வெற்றி விழா. அங்கே இழவு வீடு!

கடாரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர்கள் ராஜராஜனுக்கு நண்பர்கள். நாகப்பட்டினத்தில் அவர்கள் ஒரு புத்த விகாரம் கட்டினார்கள். ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அந்த விகாரத்துக்குத் தானமாகக் கொடுத்தான். அந்தத் தானத்தைச் செப்பேட்டில் பொறித்து நிலைக்கச் செய்தவன் யார்? ராஜேந்திரனேதான்! நண்பனாக இருந்தவன் மேலேயே பிறகு கப்பல் ஏறிப் போனான்.

காரணம் என்ன? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சீனத்தோடு நடந்த வாணிபம்தான் காரணமாக இருக்கும் என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள். சீனம் போகும் கடல்வழியின் வாசலில் ஸ்ரீவிஜயம் உட்கார்ந்திருந்தது. சோழ நாட்டுத் தூதர்களோ 1015-லும் 1033-லும் சீன அரசவைக்குப் போனார்கள். சந்தைக்குப் போகும் வழியில் ஒருவன் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்தால், சந்தைக்குப் போகிறவன் சும்மா இருப்பானா?

நிலைத்தது எது?

சரி, இத்தனை வெற்றிகளில் நிலைத்தது எது?

கங்கைக் கரையில் சோழ ஆட்சி ஒரு நாளும் ஏற்படவில்லை. படை போயிற்று, குடத்தில் நீரோடு திரும்பிற்று. அவ்வளவுதான்.

கடாரத்திலும் சோழ ஆட்சி வேரூன்றவில்லை.

ஈழத்தில் சோழர்கள் சில காலம் ஆண்டார்கள். 1070-ம் ஆண்டு முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டுக்கொண்டான். அதோடு அதுவும் முடிந்தது.

சாளுக்கியப் பகையாவது தீர்ந்ததா? இல்லை. 1054-ல் கொப்பத்தில் நடந்த போரில் ராஜாதிராஜன் யானையின் மேலேயே உயிர் விட்டான். தகப்பன் நடத்திய சண்டைக்கு மகன் பலி!

முடிகள் போயின. பட்டங்கள் கல்லில் மட்டும் நின்றன. ஆனால், கங்கை நீரைக் கொண்டுவந்தானே, அதை என்ன செய்தான்? அங்கேதான் ராஜேந்திரனின் உண்மையான பெருமை தொடங்குகிறது.

தண்ணீரால் ஒரு தூண்

வெற்றி பெற்ற மன்னர்கள் தூண் நாட்டுவது வழக்கம். எதிரி நாட்டு எல்லையில் ஒரு கல்லை நட்டு, அதில் தங்கள் பெயரைப் பொறிப்பார்கள். ராஜேந்திரன் சொந்த மண்ணில் ஒரு ஏரி வெட்டினான். அதில் கங்கை நீரைச் சேர்த்தான். 'சோழகங்கம்' என்று பெயர் வைத்தான். இது நீரினாலேயே ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த ஏரியைக் குறிப்பிடுகின்றன.

கல் தூணைப் பார்க்கலாம், தொடலாம். நீர்த் தூணை உழவன் வயலில் பாய்ச்சலாம்! மாடு குடிக்கலாம். குழந்தை குளிக்கலாம். உலகத்தில் எத்தனை மன்னர்களுக்கு இந்த யோசனை தோன்றியது?

ஏரி என்றால் சின்னக் குட்டை அல்ல. வடக்குத் தெற்காக அதன் கரை மட்டும் 16 மைல் நீளம் என்று 19-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பல மதகுகள் இருந்தன. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் அதிகமான நீளத்தில் ஒரு கால்வாய். வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொரு சிறிய கால்வாய். இரண்டும் ஏரியில் வந்து விழுந்தன. இயந்திரம் இல்லாத காலம்! மண்வெட்டியும் கூடையும் மனிதத் தோளும்தான் கருவி. நீர் தானாக ஓடும்படி, சரிவு பார்த்து 60 மைலுக்குக் கால்வாய் வெட்டுவதற்கு எப்பேர்ப்பட்ட கணக்கறிவு வேண்டும்!

இதன் அருமை தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. காவிரி பாயும் சீமையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் பெரிய விஷயம் அல்ல. கொள்ளிடத்துக்கு வடக்கே வந்து பார்க்க வேண்டும்! பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் வானத்தை நம்பி நிற்கின்றன. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரிக் காடுகள். இந்த மண்ணில் ஒரு மழை தப்பினால் ஒரு வருஷம் தப்பியது என்று அர்த்தம். ஏரியும் குளமும்தான் இங்கே ஜீவநாடி.

ராஜேந்திரன் தஞ்சையிலேயே இருந்திருக்கலாம். தந்தை கட்டிய நகரம், தந்தை கட்டிய கோயில், பக்கத்திலேயே காவிரி, எல்லாம் இருந்தன. அதை விட்டு இந்த மேட்டுச் சீமைக்கு ஏன் வந்தான்? வடக்கே சாளுக்கியரைக் கண்காணிக்க வசதி. தெற்கே கொள்ளிடம் ஒரு அகழிபோல் காவல். இப்படி அறிஞர்கள் காரணம் காட்டுகிறார்கள். காரணம் எதுவானாலும், வந்தவன் முதலில் தண்ணீருக்கு வழி செய்தான். வானம் பார்த்த பூமியில் ஒரு தலைநகரத்தையே வாழவைத்தான்.

போர் இல்லாமல் ஏரி ஏது?

"போரில் வெற்றி பெற்றதால்தானே பொன் வந்தது? பொன் வந்ததால்தானே ஏரி வந்தது?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சோழர் சரித்திரமே இதற்குப் பதில் சொல்கிறது.

ராஜேந்திரனுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்டவன் பராந்தகன். வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். அந்தப் பெயரில் எழுந்ததுதான் வீராணம் ஏரி. 949-ல் தக்கோலத்தில் நடந்த போரில் அவனுடைய படை தோற்றது. மகன் ராஜாதித்தன் யானை மேல் மாண்டான். சோழ நாடு சுருங்கிற்று. ஆனால் வீராணம் நின்றது! ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2004-ம் ஆண்டிலிருந்து சென்னை நகரத்துக்கே குடிநீர் தருகிறது.

தோற்ற மன்னனின் ஏரியும் வாழ்கிறது. வென்ற மன்னனின் முடிகளோ போன இடம் தெரியவில்லை. எது பெரிது என்பதைக் காலமே தராசில் வைத்து நிறுத்துக் காட்டிவிட்டது.

கோயிலும் கல்வியும்

ஏரியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விடுவது சரி அல்ல.

அவன் கட்டிய கங்கைகொண்ட சோழேச்சரம் சுமார் 180 அடி உயரம். தஞ்சைக் கோயில் 216 அடி. தந்தையை விட அதிக நாடுகளை வென்றவன், தந்தையின் கோயிலை விட உயரமாகக் கட்டவில்லை! தஞ்சை விமானம் நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நிற்கிறது. இது கொஞ்சம் வளைந்து, நெளிந்து, நளினமாக நிற்கிறது.

கோயிலின் வடக்கு வாசலில் ஒரு சிற்பம். சிவபெருமான் பார்வதியோடு அமர்ந்து, காலடியில் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். அந்தச் சண்டேசர் வடிவத்தில் ராஜேந்திரன் தன்னையே காட்டியிருக்கிறான் என்று கருதுகிறவர்கள் உண்டு. அது உண்மையானால், இத்தனை பட்டம் சூடிய மன்னன் தன்னை எங்கே வைத்துக்கொண்டான் பாருங்கள்! இறைவன் காலடியில்!

2004-ம் ஆண்டு யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

விழுப்புரம் பக்கத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் அவன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள் படித்தார்கள். அவர்களுக்கு அன்றாடம் எவ்வளவு நெல் என்று கூடக் கல்வெட்டில் கணக்கு இருக்கிறது. அந்தக் கல்லூரி வேதமும் இலக்கணமும் படித்தவர்களுக்குத்தான். எல்லாக் குடிகளின் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருக்கவில்லை. அது அந்தக் காலத்தின் குறை. ஆனாலும், படிக்கிற பிள்ளைக்குச் சோறு போடுவது அரசாங்கத்தின் கடமை என்ற எண்ணம் அந்த நாளிலேயே இருந்தது.

தன்னைப் பெறாத தாயையும் அவன் மறக்கவில்லை. சிற்றன்னை பஞ்சவன் மாதேவி இறந்தபோது, பழையாறையை ஒட்டி, பட்டீச்சரத்துக்குப் பக்கத்தில், அவள் பெயராலேயே ஒரு பள்ளிப்படைக் கோயில் கட்டினான். அரண்மனைகளில் மாற்றாந்தாய்க் கதை என்றால் விஷமும் சூழ்ச்சியும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் கோயிலைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியிலும் தண்ணீர்

1044-ம் ஆண்டு ராஜேந்திரன் மறைந்தான். செய்யாற்றுக்குப் பக்கத்தில் பிரமதேசம் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவனோடு அரசி வீரமாதேவியும் உயிர் விட்டாள் என்ற துயரச் செய்தியை அது சொல்கிறது. கணவன் இறந்தால் மனைவியும் சாகும் அந்தக் கொடிய வழக்கத்தை எந்த மன்னன் பெயராலும் போற்ற முடியாது.

ஆனால் அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது தெரியுமா? அரசியின் உடன்பிறந்தான், இறந்தவர்களின் தாகம் தணியட்டும் என்று அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான். அந்தத் தர்மத்தைச் சொல்வதற்காகத்தான்!

கங்கை நீரைக் கொண்டுவந்த மன்னனுக்குக் கடைசியில் நடந்த தர்மமும் தண்ணீர்தான். இதைவிடப் பொருத்தமான நினைவு வேறு என்ன?

கல் போன இடம்

1279-ம் ஆண்டோடு சோழர் ஆட்சி முடிந்தது. தலைநகரம் பாழடைந்தது. அரண்மனை இருந்த இடம் மண்மேடு ஆயிற்று. மாளிகைமேடு, உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று ஊர்ப் பெயர்கள் மட்டும் மிஞ்சின. தொல்பொருள் துறையினர் மாளிகைமேட்டைத் தோண்டியபோது செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. சீனத்துக்குத் தூது அனுப்பிய மன்னனின் வீட்டில் சீனப் பீங்கான் கிடைத்ததில் ஆச்சரியம் என்ன!

ஏரியின் கதியும் அதுதான். படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்தார்கள் என்பது ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. கால்வாய்கள் தூர்ந்தன. நீர் நின்ற இடத்தில் காடு வளர்ந்தது. 'பொன்னேரி' என்ற பெயரோடு ஒரு பகுதிதான் தப்பிப் பிழைத்தது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1836-ம் ஆண்டை ஒட்டி, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அணைக்குக் கல் வேண்டும். பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது! கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கருங்கற்களை வண்டி வண்டியாகக் கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல்லுக்குப் பதில் செங்கல்லால் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று.

இது அநியாயம். சந்தேகமே இல்லை. ஆனால் இதற்குள் ஒரு விநோதமும் இருக்கிறது. அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. ராஜேந்திரன் அடுக்கிய கற்கள், பராந்தகன் பெயர் கொண்ட ஏரியை இன்றும் நிரப்புகின்றன! கோயில் மதிலாக நின்ற கல், அணையாக நின்று பயிர் வளர்க்கிறது. நீருக்காக உழைத்தவனின் கல் கூட நீருக்கே உழைக்கிறது!

விழா எடுத்தால் போதுமா?

2025-ம் ஆண்டு, கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு. ஆடித் திருவாதிரையை ஒட்டி கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிய விழா நடந்தது. ஜூலை 27-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி வந்தார். ராஜேந்திரன் நினைவாக நாணயம் வெளியிட்டார். ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் தமிழ்நாட்டில் சிலைகள் எழுப்பப்படும் என்று அறிவித்தார். அதே சமயத்தில் தமிழக அரசும் சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தது.

நாணயம் நல்லது. சிலையும் இருக்கட்டும். விழாவும் நடக்கட்டும். ஆனால் ராஜேந்திரனை யார் அதிகம் கொண்டாடுவது என்று கட்சிகள் போட்டி போடுவதாக இருந்தால், அந்தப் போட்டி ஏரிக்கரையில் நடக்க வேண்டும். எந்தக் கட்சி எத்தனை மைல் கால்வாயைத் தூர் எடுத்தது, எத்தனை மதகைப் பழுது பார்த்தது என்று கணக்குக் காட்டட்டும். ஜனங்கள் மார்க் போடுவார்கள்!

ஏரியைச் சீரமைப்பது என்றால் கரையில் நாலு மின்விளக்கும் இரண்டு பெஞ்சும் போடுவது என்று நினைத்துவிடக் கூடாது. வண்டலை எடுக்க வேண்டும். கரையைப் பலப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் விட, தண்ணீர் வரும் வழியைத் திறக்க வேண்டும். வரத்துக் கால்வாய் இல்லாத ஏரி, பால் கறக்காத மாட்டுக்கு மணி கட்டியது போல.

16 மைல் ஏரியை முழுவதும் மீட்பது இனி நடவாத காரியம். பழைய ஏரிப் பரப்பில் தலைமுறை தலைமுறையாக உழுது பிழைப்பவர்களை விரட்டுவதும் தர்மம் அல்ல. குடிகளுக்காக வெட்டிய ஏரியைக் குடிகளை அழவைத்து மீட்டால், அதில் ராஜேந்திரனுக்கு என்ன பெருமை? இருக்கிற ஏரியை ஆழப்படுத்துவதும், இருக்கிற கால்வாயைத் திறப்பதும் போதும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தூர்ந்து கிடக்கும் சின்னஞ்சிறு குளங்களையும் அதே கையோடு தூர் எடுத்தால், அதுதான் அந்த மன்னனுக்கு ஆயிரமாவது ஆண்டுக் காணிக்கை.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுற்றுலா வரும் மாணவர்களை ஆசிரியர்கள் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள், சிற்பம் காட்டுகிறார்கள். அதோடு திரும்பிவிடக் கூடாது. பொன்னேரிக் கரைக்கும் அழைத்துப் போக வேண்டும். "கடாரத்தை வென்றவன் இவன்" என்று சொல்லும் வாய், "இந்தக் கால்வாயை வெட்டியவனும் இவன்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு வாளின் கதை பிடிக்கும். தண்ணீரின் கதையையும் சொல்லிக் கொடுத்தால் அதுவும் பிடிக்கும்.

இன்று நாடுகளை முடிமன்னர்கள் ஆள்வது அநேகமாகப் போய்விட்டது. ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் தலைவர்களுக்கு உள்ள ஆசை மட்டும் மாறவில்லை. கல்லில் பெயர் வேண்டும்; ஊர் தோறும் பெயர்ப் பலகை வேண்டும்!

அப்படிப்பட்ட தலைவர்கள் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு முறை கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வர வேண்டும். ராஜேந்திரனின் சிம்மாசனம் எங்கே என்று தேடட்டும்; கிடைக்காது. அவன் பறித்து வந்த ஈழத்து முடி எங்கே என்று கேட்கட்டும், யாருக்கும் தெரியாது. பிறகு ஏரிக்கரைக்குப் போகட்டும். தூர்ந்தது போக மிஞ்சியிருக்கும் நீரில் இன்றும் நாற்று வேர் பிடிக்கிறது.

கடாரம் கொண்டவன் என்ற பட்டம் ராஜேந்திரன் தனக்குத் தானே சூடிக்கொண்டது. ஏரி வெட்டியவன் என்ற பட்டம் குடிகள் கொடுக்க வேண்டியது. அதைக் கொடுக்கத் தமிழர்கள் இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டாம்!